வேலை போனால் வீடு நிற்குமா? பேராக் தமிழர் ஊர் தேடும் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஈப்போ மெரு ராயாவிலுள்ள அமான்ஜெயா பேருந்து நிலையத்துக்குப் போனால், பேராக்கின் இளையவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் இரவுப் பேருந்துகள் வரிசை பிடித்து நிற்கும். சுங்கை சிப்புட், புந்தோங், பத்து காஜா என்று பல பக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் முதுகுப்பையோடு படியேறுவார்கள். பக்கத்தில் அம்மாக்கள். ஒரு பையில் முறுக்கு, ஒரு டப்பாவில் நெத்திலிச் சம்பல், செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் வளையம் போட்ட ஊறுகாய்ப் போத்தல். பேருந்து கிளம்பிய பிறகும் அந்த அம்மாக்கள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நிற்பார்கள்.

என் அக்கா மகனை ஏற்றிவிட நானும் ஒரு நாள் போயிருந்தேன். அவனுக்கு இருபத்தாறு வயது, இயந்திரப் பராமரிப்பில் டிப்ளோமா படித்தவன். பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியை என் பக்கம் திருப்பி ஒரு பட்டியலைக் காட்டினான். உலகில் வாழ்வதற்குச் சிறந்த நகரங்கள். “மாமா, இதுல எந்த ஊருக்கு ட்ரை பண்ணலாம்? சிங்கப்பூரோட நிக்கணுமா, இல்ல இன்னும் தள்ளிப் போகணுமா?” என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை. இப்போது பேராக்கில் பாதி வீடுகளில் சாப்பாட்டு மேசையில் எழும் கேள்வி அது. அவனுக்கு அங்கே நின்றபடி பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்குவோம். லண்டன் எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல் அது. 173 நகரங்களை நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்ற ஐந்து தலைப்பில் அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். 2011 முதல் 2017 வரை மெல்பர்ன் முதலிடத்தில் இருந்தது. 2022 முதல் மூன்று ஆண்டுகள் வியன்னா. 2025-இல் கோபன்ஹேகன். மெர்சர் நிறுவனம் வெளியிடும் இன்னொரு பட்டியலிலும் வியன்னா நெடுங்காலம் உச்சியில் இருந்தது. இரண்டையும் நான் மதிக்கிறேன். உழைத்துச் செய்த வேலை. ஆனால் அவற்றின் முக்கியப் பயன் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் தன் அதிகாரியை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அந்த ஊரின் கஷ்டத்துக்கு எவ்வளவு படி கொடுக்கலாம் என்று கணக்குப் போட இவை உதவுகின்றன. அந்த அதிகாரிக்கு விசாவை நிறுவனம் வாங்கித் தரும், வாடகையை நிறுவனம் கட்டும், திரும்பி வந்தால் வேலை காத்திருக்கும். அந்த ஊர் உங்களை உள்ளே விடுமா, வேலை போன மறுமாதம் நீங்கள் எங்கே படுப்பீர்கள், ஈப்போவில் உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்வீர்கள் என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. வாழ்க்கைச் செலவுகூட எகனாமிஸ்ட் பட்டியலின் மதிப்பெண்ணில் சேராது; அதற்கு வேறு கணக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நமக்கு வேறு அளவுகோல் வேண்டும். அதை நம் சொந்த வரலாற்றிலிருந்துதான் எடுக்க முடியும் என்று நினைக்கிறேன்.

கோலக்கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டுக் காப்பாற்றிவரும் பழைய பால்மரம், அதாவது ரப்பர் மரம், ஒன்று இருக்கிறது. 1877-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்டவற்றில் மிஞ்சிய மரம். பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரத்தின் இனம் பேராக் முழுக்கப் பரவியபோது அதில் பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள் நம் ஆட்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்த பிறகு தோட்டத்துக் கங்காணியே ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவரும் கங்காணி முறை பெரிதாக நடந்தது. எந்த ஊருக்குப் போகிறாய் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கங்காணி எந்தத் தோட்டத்து ஆளோ அந்தத் தோட்டம். 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தபோது, வந்தவர்கள் வந்த இடத்திலேயே நின்றுபோனார்கள்.

பிறகும் அவர்களை மற்றவர்கள்தான் நகர்த்தினார்கள். ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றி சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றை ஒன்றாகக் குவித்து முள்வேலி போட்டார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் அனுமதி கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து, பாரம் நிரப்பத் தெரியாமல் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்காமல் விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ரஜூலா கப்பல் பாட்டன்மாரை இங்கே கொண்டுவந்தது; பேரன்மாரில் சிலரைத் திருப்பிக் கொண்டுபோனது.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு முயற்சி நிற்பதற்காக நடந்தது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. வேலையும் வீடும் சேர்ந்தே போயின. சுங்கை சிப்புட் மண்ணின் மகனான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக நடந்தார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். அன்றைக்கு ஒரு பால்வெட்டுக்காரருக்குப் பத்து வெள்ளி என்பது பல நாள் அரிசி. ஆனாலும் கட்டினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது, இன்றும் இருக்கிறது. ஊர் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும்போது இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், போகாமல் இருப்பதும் ஒரு தேர்வு என்று அந்தத் தலைமுறை பணம் கட்டிச் சொன்னது என்பதுதான்.

எண்பதுகளும் தொண்ணூறுகளும் அதையும் தாண்டிவிட்டன. ரப்பர் விலை விழுந்தது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பட்டணத்துக்குப் பக்கத்துத் தோட்டங்கள் தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறின.

எங்கள் தோட்டமும் அப்போதுதான் கைமாறியது. அம்மா இருபத்தெட்டு வருடம் வெட்டிய நிரை அது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வெளிக்காட்டுக்குப் போவார். பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைத் துடைத்து, ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டு, உளியை ஒரே இழுப்பாக இழுப்பார். பட்டையில் அந்தக் கோடு தலைமுடி அளவுக்குக்கூட விலகாது. அத்தனை கைத்திறனும் ஒரு கடிதத்தில் முடிந்தது. கூலிக் கணக்கைத் தீர்த்துக் கொடுத்தார்கள். வீட்டைக் காலி செய்ய நாள் குறித்தார்கள். வீடு எங்களுடையது என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அங்கேதான் பிறந்தேன், அங்கேதான் அப்பா இறந்தார். லாரியில் அலமாரியை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா பின்பக்கம் போய் நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். தான் நட்ட முருங்கை மரத்தில் கைக்கெட்டிய காயையெல்லாம் பறித்துக்கொண்டிருந்தார். எட்டாத கிளையில் காய் நிறைய இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே லாரியில் ஏறினார்.

ஈப்போவில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தோம். அன்றிலிருந்து யார் எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாலும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பார். “வேல போனா வீடு நிக்குமா?” இளவயதில் அது எனக்குப் பயந்தவர் பேச்சாகப் பட்டது. இப்போது சொல்கிறேன், எகனாமிஸ்ட் ஆய்வாளர்களின் ஐந்து தலைப்பைவிட அந்தக் கேள்விக்கு எடை அதிகம். தோட்டத்தில் வேலை, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், மருந்தகம், கோயில் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. கயிறு அறுந்ததும் எல்லாம் ஒரே நாளில் விழுந்தன. அப்படிப்பட்ட கயிற்றில் இன்னொரு முறை குடும்பத்தைக் கட்டக்கூடாது. இனி ஒவ்வொரு ஊரையும் இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் முதலில். தோட்டத்தை விட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் அது. வேலை இருந்தது, வீடு இல்லை. ஆற்றோரத்திலும் தண்டவாள ஓரத்திலும் பலகைவீடு கட்டினார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் வன்முறை வெடித்து ஆறு பேர் இறந்தது அப்படி நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு வட்டாரத்தில்தான். பிறகு புறம்போக்குக் குடியிருப்புகளை 2005-க்குள் இல்லாமல் செய்வதாகச் சிலாங்கூர் அரசு அறிவித்து, ஆட்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றியது. இன்றைக்குப் போகும் படித்த பிள்ளைக்கு அந்த அவலம் இல்லை. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளம்பரத்திலேயே இந்தியருக்கு இல்லை என்று எழுதிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை. நல்ல சம்பளமும் நல்ல வேலையும் கையில் இருக்க, ஒரு அறைக்காகப் பத்துக் கதவைத் தட்டவேண்டியிருக்கிறது. அதனால் தலைநகருக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பே, படுக்க இடம் தரும் ஒரு உறவையாவது உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றபடி ஈப்போக்காரர்களுக்குத் தலைநகர் பக்கம்தான். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 2010-இல் மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டரை மணி நேரம். வெள்ளி மாலை ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

பினாங்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்ததிலிருந்து வட பேராக் பெண்களுக்கு அது இரண்டாவது தோட்டம் மாதிரி. தொழிற்சாலைப் பேருந்து லயத்து வாசலுக்கே வந்தது. வேலையை மட்டும் கொடுத்தது, வீட்டைக் கொடுக்கவில்லை. அதனால் வேலை போனபோது வீட்டைப் பறிக்கவும் அதனால் முடியவில்லை. பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கத்தில் இருப்பவர்கள் சொந்த வீட்டில் இருந்துகொண்டே பெருநிலப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்வரலாம். இந்த வாய்ப்பு இருப்பவர்கள் வேறு எங்கும் பார்க்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

சிங்கப்பூர்தான் பெரிய விஷயம். 2011-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வின்படி, வெளிநாட்டில் வாழும் மலேசியர்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறார்கள். காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1973 வரை இரண்டு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல். மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதே கையால் அதே வேலையை ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் செய்தால், செலவு போக அனுப்பும் பணம் மட்டுமே அதைத் தாண்டிவிடும். 1924-இல் திறந்த அந்தப் பாலத்தை இன்று நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடக்கிறார்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருக்கிறது. ரயில் நிலையப் பலகையில் தமிழ் எழுத்து இருக்கிறது. இதெல்லாம் மனத்துக்குத் தெம்பு.

ஆனால் அம்மாவின் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள். வேலை அனுமதியில் இருப்பவர் அந்த முதலாளியிடம் இருக்கும்வரைதான் அந்த நாட்டில் இருக்கிறார். வேலை போனால் அனுமதி ரத்து. சில வாரத்தில் மூட்டை கட்ட வேண்டும். அறைவாடகைக்கு இருப்பவருக்கு அறையும் போய்விடும். இது லயத்து வீட்டின் சட்டம்தான், வெளிச்சமான அறையில் குளிர்சாதனத்தோடு. இன்னொன்றைப் பெரும்பாலான பிள்ளைகள் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதும் கவனிப்பதில்லை. அங்கே மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதிக்காரருக்கு முதலாளி ஒரு காசும் போடத் தேவையில்லை. பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டு நாற்பது வயதில் திரும்பி வருகிறவரின் ஓய்வுக்காலக் கணக்கு, கிளம்பும்போது இருந்த இடத்திலேயே நிற்கும். இங்கே அவரோடு படித்து ஈப்போவில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தவரிடம் அதற்குள் ஒரு தொகை சேர்ந்திருக்கும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. மலேசிய ஊழியர் சேமநிதியில் வெளிநாட்டில் இருந்துகொண்டே நாமாகப் பணம் போடலாம்; ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அனுமதிக்கிறார்கள். மாதம் இருநூறு சிங்கப்பூர் வெள்ளி போட்டாலும் போதும். அமான்ஜெயாவில் பேருந்து ஏறும் ஒவ்வொரு பிள்ளையிடமும், ஊறுகாய்ப் போத்தலோடு இந்த ஒரு செய்தியையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை.

நிரந்தரவாசம் கிடைத்தால் நிலைமை மாறும். அப்போதும் அரசு அடுக்குமாடியில் பழைய வீடு வாங்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆண்பிள்ளை இருந்து, அவனுக்கும் நிரந்தரவாசம் எடுத்தால் தேசிய சேவை உண்டு. குறையாக இதைச் சொல்லவில்லை. ஒரு நாட்டில் வேர்விடுவதற்கு அந்த நாடு கேட்கும் விலை அது. ஆனால் பிள்ளைக்கு நான்கு வயதில் எடுக்கும் முடிவு அவனுடைய பதினெட்டு வயதில் வந்து கதவைத் தட்டும் என்பது தெரிந்து எடுக்க வேண்டும்.

ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் போய்வரும் வழியைப் பலர் நடுவழியாக நினைக்கிறார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சுங்கச்சாவடியில் ஊர்ந்து போகும் அந்த வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வந்த என் அக்கா ஒன்றுதான் சொன்னார்: “பெரட்டுக்கு நேரமாச்சுன்னு ஓடுனமே, அதே ஓட்டம்.” வீடு நம்முடையதாக இருக்கிறது, உண்மை. அதில் இருக்க நேரம் இல்லை.

இனி கடல் தாண்டி. ஆஸ்திரேலியா பேராக்கின் படித்த குடும்பங்களுக்கு நெடுநாளாகப் பழகிய பாதை. பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். இங்கே பசியாறும் நேரத்தில் அங்கே பசியாறுகிறார்கள். தாதியர், கணக்காளர், பொறியாளர் போன்றவர்களுக்குத் திறன் குடியேற்றத்தில் இடம் உண்டு. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 புள்ளி வேண்டும், ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். முதலாளி பொறுப்பில் போகும் விசாவில் வேலை போனால் வேறு முதலாளி தேட முன்பு 60 நாள்தான் கொடுத்தார்கள். 2024 ஜூலையிலிருந்து 180 நாள். கயிறு இருக்கிறது, ஆனால் நீளமான கயிறு. இது நல்ல மாற்றம்.

எனக்கு வருத்தம் தருவது வேறு வழி. சுற்றுலா அனுமதியில் போய்ப் பழத்தோட்டங்களில் வேலை செய்ய ஆள் சேர்க்கும் முகவர்கள் நம் தாமான்களில் சுற்றுகிறார்கள். தோட்டத்திலிருந்து மீண்ட குடும்பத்துப் பிள்ளை, கடன் வாங்கி விமானம் ஏறி, அனுமதி இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் ஒளிந்து வேலை செய்கிறான். கூலியைப் பிடித்து வைத்தாலும் புகார் கொடுக்க முடியாது. நம் பாட்டன் கங்காணியிடம் பட்ட கடனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த வழியில் யாரும் போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சரியான வழியில் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது பெற்றோர் கணக்கு. ஆஸ்திரேலியாவில் குடியேறிய மகன் அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால், சாதாரண வரிசையில் காத்திருப்பு முப்பது ஆண்டுக் கணக்கில் போகிறது. பெரும்பணம் கட்டும் வரிசைக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 48,000 ஆஸ்திரேலிய டாலர். அதிலும் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு முப்பது ஆண்டு வரிசை என்றால் அதற்கு என்ன பொருள் என்று எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருப்பவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும், மெல்பர்னின் பூங்காக்களைப் பிறகு பார்க்கலாம்.

குடியுரிமைத் தாள் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அங்கே வாங்கினால் இங்கே விட வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், பினாங்கு, மலாக்கா வழிவந்த மலேசியர் சிலர் பிரிட்டனில் குடியேறலாம் என்ற ஆலோசனையை நம்பி, பிரிட்டிஷ் வெளிநாட்டுக் குடிமகன் என்ற தகுதியை வைத்துக்கொண்டு மலேசியக் குடியுரிமையைத் துறந்தார்கள். பிரிட்டன் அவர்களுக்கு வாழும் உரிமை கொடுக்கவில்லை. இங்கேயும் திரும்ப எடுக்க முடியவில்லை. பல ஆண்டுகள் நாடில்லாதவர்களாகத் தவித்தார்கள். சிவப்பு அட்டையால் பட்ட பாடு தெரிந்த சமூகம் நாம். கையிலிருக்கும் நீல அட்டையை விடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்துத் தாள் கைக்கு வந்திருக்க வேண்டும். வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் பிள்ளை பெறும் மகள்களுக்கு, தாய்வழியில் பிள்ளைக்குக் குடியுரிமை போகாத நிலை நெடுங்காலம் இருந்தது. 2024-இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி அதை மாற்ற வழி செய்தது. அதற்காகப் பல ஆண்டு போராடிய தாய்மார்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சென்னையையும் சிலர் கேட்கிறார்கள். கல்யாணப் புடவை எடுக்கவும் கோயில் சுற்றவும் போகிறோம். பிழைக்கப் போனவர்களை எனக்குத் தெரியாது. பாட்டன் கிளம்பிய ஊரில் இப்போது நம்மை விருந்தாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் தவறும் இல்லை.

கடைசியாக ஈப்போ. இதைப் பட்டியலில் சேர்க்காமலேயே நம் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய ஆதங்கம்.

ஈப்போ விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது; கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களான லம்பங்கள் ஒன்றொன்றாக மூடின. மூன்று வருடம் கழித்து, 1988 மே மாதம், மாநகரம் என்ற தகுதி வந்தது, வேலை வரவில்லை. சீனர், தமிழர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தெற்கே போனார்கள். நாட்டில் முதியோர் விகிதம் அதிகமான மாநிலங்களில் ஒன்றாகப் பேராக் ஆனது. அதே நேரத்தில் வெளியூர்க்காரர்கள் ஈப்போவைத் தேடி வரத் தொடங்கினார்கள். 2016-இல் லோன்லி பிளானட் ஆசியாவில் போக வேண்டிய பத்து இடங்களில் ஒன்றாக ஈப்போவைச் சேர்த்தது. ஓய்வுபெற்ற சிங்கப்பூர்க்காரர்கள் இங்கே வீடு பார்க்கிறார்கள். சுண்ணாம்பு மலை, நல்ல தண்ணீர், மலிவான வீடு, கூட்டமில்லாத சாலை என்று அவர்கள் அடுக்கும் காரணங்கள் அத்தனையும் நமக்குப் பிறப்பிலேயே கிடைத்தவை.

அம்மாவின் கேள்விக்கு ஈப்போதான் நேரான பதில் தருகிறது. ஒரு தொழில்நுட்பரும் ஒரு ஆசிரியையும் சேர்ந்து சம்பாதித்தால் முப்பது வயதுக்குள் இங்கே தரைவீடு வாங்கலாம். தலைநகரில் அதே சம்பளத்துக்கு அடுக்குமாடியில் ஒரு கூடுதான். புந்தோங்கில் கச்சான் பூத்தே வறுக்கும் குடும்பங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், கூடையைத் தலையில் வைத்து விற்றார்கள், இன்றைக்கு அந்தத் தெரு முழுக்கக் கடை. நாடு முழுவதும் சரக்குப் போகிறது. கடலை மாவு எண்ணெயில் விழும் வாசம் தெருமுனையிலேயே வரும். அவர்கள் எந்த ஊருக்குப் போகலாம் என்று தேடவில்லை. இருந்த தெருவுக்கு மற்ற ஊர்களை வரவழைத்தார்கள். தைப்பூசத்தன்று குனோங் சீரோவில் கல்லுமலை முருகனுக்குக் காவடி எடுக்க, சிங்கப்பூரிலிருந்தும் பெர்த்திலிருந்தும் விடுப்புப் போட்டு வருகிறார்கள்.

குறையை மறைக்கப் போவதில்லை. சம்பளம் குறைவு, படித்த பிள்ளை ஏறிப்போக ஏணி குட்டை. பொதுப் போக்குவரத்து போதாது, சொந்த வண்டி இல்லாமல் முடியாது. 2007-இல் கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் வந்தது, ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. படித்து முடித்தவர்களைப் பிடித்து வைக்கும் வேலைதான் இல்லை. இதை இளைஞர்கள் தலையில் போடக்கூடாது. மாநில அரசும் தொழில் வைத்திருப்பவர்களும் பதில் சொல்ல வேண்டிய குறை இது.

இன்னொரு இழப்பு மெதுவாக நடக்கிறது. நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில்தான்: ஏறக்குறைய 528-இல் 134. அவற்றில் எத்தனையோ தோட்டத்துப் பள்ளிகள். தோட்டம் காலியாகியும் பள்ளி நிற்கிறது. நூற்றைம்பதுக்குக் குறைவான மாணவர் என்ற பட்டியலில் அவை இருக்கின்றன. சிலவற்றில் முப்பது பிள்ளைகள்கூட இல்லை. ஆசிரியைகள் தங்கள் காரிலேயே தாமானிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியைக் காப்பாற்றுகிறார்கள். ஒரு இளம் தம்பதி சுங்கை சிப்புட்டை விட்டுப் போகும்போது, அந்தப் பள்ளியின் முதலாம் வகுப்பில் இரண்டு நாற்காலியும் அவர்களோடு போகின்றன. இதைச் சொல்லி யாரையும் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. ஆனால் கணக்கு என்றால் இதுவும் கணக்கில் வர வேண்டும்.

அக்கா மகனுக்கு நான் பிறகு தொலைபேசியில் சொன்ன பதில் இதுதான். வயது இருக்கிறது, சிங்கப்பூருக்குப் போ; ஏழெட்டு வருடம் என்று காலக்கெடு வைத்துக்கொள். முதல் மாதத்திலிருந்தே இங்கே சேமநிதியில் போடு. அங்கே அறை எடு, வீடு இங்கே வாங்கு. தொழில் கற்றுக்கொள்; பணம் அதன் பின்னால் வரும். ஆஸ்திரேலியா வேண்டுமானால் முப்பத்தைந்துக்குள் முயற்சி செய், பாட்டியையும் அம்மாவையும் யார் பார்ப்பார்கள் என்று உன் தங்கையோடு உட்கார்ந்து பேசிய பிறகு. நீல அட்டையைத் தொடாதே.

“சரி மாமா” என்றான். அதோடு விடவில்லை. இரண்டு மாதத்தில் செம்மோர் பக்கம் ஒரு தாமானில் ஒற்றை மாடி வரிசை வீடு ஒன்றைப் பார்த்து முன்பணம் கட்டினான். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு நாள் விடுப்பில் வந்தவன், பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வீடு இன்னும் கட்டி முடியவில்லை. சுவர் மட்டும் எழும்பியிருந்தது. என் அம்மா உள்ளே எத்தனை அறை என்று கேட்கவில்லை. செங்கல் குவியலைச் சுற்றிப் பின்பக்கம் போய், எவ்வளவு மண் இருக்கிறது என்று காலால் அளந்து பார்த்தார்.

சாவி கைக்கு வர இன்னும் ஒரு வருடம் ஆகுமாம். எங்கள் வாடகை வீட்டுப் பின்வாசலில் பழைய சாயவாளி ஒன்றில் மண் நிரப்பி, முருங்கைப் போத்து ஒன்றை ஊன்றி வைத்திருக்கிறார். போன வாரம் துளிர்விட்டிருக்கிறது.